மேரி ஜேனுக்கு முன்னால் பஸ்டர்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் சமயத்தில் எந்த ஷூக் கடையிலும் இந்தப் பாகப்பிரிவினையைப் பார்க்கலாம். பையனுக்கு லேஸ் கட்டும் கறுப்பு ஷூ; பெண்பிள்ளைக்கு மேற்பாதத்தின் குறுக்கே வார் ஓடி ஓரத்தில் பக்கிளில் மாட்டும் கறுப்பு ஷூ. வார் ஷூவுக்கு உலகம் வைத்திருக்கும் பெயரும் ‘மேரி ஜேன்’தான். ஆனால் அந்தப் பெயர் பிறந்த இடத்துக்குப் போனால், வாரை மாட்டிக்கொண்டு முன்னால் நிற்பவன் ஒரு பையன்.

1902இல் ‘நியூயார்க் ஹெரால்டு’ நாளிதழில் ரிச்சர்ட் அவுட்கால்ட் வரையத் தொடங்கிய படக்கதையின் நாயகன் பஸ்டர் பிரவுன். வசதியான வீட்டுப் பிள்ளை, கழுத்தில் பெரிய பட்டு முடிச்சு, செய்வதெல்லாம் வால்தனம். அவனுடைய தோழி மேரி ஜேன். அவுட்கால்ட்டின் மகள் பெயரும் அதுவே. இருவர் காலிலும் வார் ஷூதான். 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குப் போன அவுட்கால்ட், தம் பாத்திரங்களின் பெயர்களைப் பல நிறுவனங்களுக்கு விற்றார். வாங்கியவற்றுள் ஒன்று அவ்வூர் பிரவுன் ஷூ கம்பெனி. (அதன் நிறுவனர் ஜார்ஜ் வாரன் பிரவுன், பெயர்ப் பொருத்தம் தற்செயல்.) உயரம் குறைந்த நடிகர்களுக்குப் பஸ்டர் வேடமிட்டு, கூடவே ஒரு நாயையும் சேர்த்து, ஊர் ஊராக அனுப்பி அந்தக் கம்பெனி ஷூ விற்றது. விளம்பரத்துக்கு அலைந்தவன் பஸ்டர். பெயரைத் தட்டிக்கொண்டு போனவள் மேரி ஜேன்.

வார் வந்த காரணத்தில் ஆண் பெண் பேதமே கிடையாது. மேலே திறந்த ஷூ, ஓடுகிற குழந்தையின் காலில் நிற்காது. வார் அதைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு முன் கணுக்காலுக்கு மேல்வரை பொத்தான் வரிசை வைத்த பூட்ஸ். ஒவ்வொரு பொத்தானையும் தனிக் கொக்கியால் இழுத்து மாட்ட வேண்டும். வீட்டில் நாலு பிள்ளைகள் இருந்தால் தாயின் காலைப்பொழுது என்ன ஆகும்! ஒற்றை வாரும் ஒற்றைப் பொத்தானும் அவளுக்குத்தான் முதலில் விடுதலை என்பது என் எண்ணம்.

பிரிட்டனில் பையன்கள் வாரை எளிதில் விடவில்லை. 1926இல் வந்த ‘வின்னி த பூ’ என்ற சிறுவர் நூலுக்கு ஓவியர் ஷெப்பர்டு வரைந்த படங்களில், கதையில் வரும் சிறுவன் கிறிஸ்டோபர் ராபின் காலில் வார் ஷூவைப் பார்க்கலாம். அமெரிக்காவிலோ 1930களில் அது சிறுமியரின் சொத்தாகிவிட்டது. குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் திரைக்கால்கள் அதை உறுதிப்படுத்தின.

பின்னர் வந்தது வெல்க்ரோ. நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட முட்காயைக் கண்டு சுவிஸ் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் உருவாக்கி, 1955இல் காப்புரிமை பெற்ற ஒட்டுப்பட்டை அது. லேஸ் முடிச்சுப் போடத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பையனின் கறுப்பு ஷூவில் இன்று அதுதான் இரண்டு வாராகக் குறுக்கே ஓடுகிறது. என் பேரனும் அதைத்தான் சர்ரென்று பிய்த்து, மறுபடி ஒட்டி, மறுபடி பிய்த்து, பள்ளி வேனைக் காக்க வைக்கிறான்.