வால் மட்டும் தெரியுதா? மங்கலான போட்டோவில் இருக்கும் பழைய விமானத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

2024 ஜனவரியில் பசிபிக் கடலடியில் எடுக்கப்பட்ட ஒரு சோனார் படம் உலகம் முழுக்க வைரலானது. அதில் மங்கலாக, விமானம் போல ஒரு உருவம். 1937 ஜூலை 2-ல் மாயமான அமெரிக்க விமானி அமெலியா ஏர்ஹார்ட்டின் விமானமாக இருக்கலாம் என்றது படமெடுத்த டீப் சீ விஷன் நிறுவனம். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் உண்மை தெரிந்தது. அது வெறும் பாறை!

எங்கே தப்பு நடந்தது?

ஏர்ஹார்ட் ஓட்டியது லாக்ஹீட் எலெக்ட்ரா 10இ. இரண்டு இன்ஜின், வாலில் இரண்டு செங்குத்துத் தகடுகள். சோனார் படத்திலும் இரட்டை வால் இருப்பது போலத் தெரிந்ததால் நம்பிக்கை பிறந்தது. ஆனால் அந்த உருவத்தின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருந்தன. எலெக்ட்ராவின் இறக்கை அப்படி இருக்காதே என்று நிபுணர்கள் சிலர் அப்போதே சந்தேகம் கிளப்பினார்கள்.

எதையெல்லாம் பார்க்கணும்?

வால்: ஒற்றையா, இரட்டையா?

இன்ஜின்: எத்தனை? முகப்பு அகன்று வட்டமாக இருந்தால் பெரும்பாலும் சிலிண்டர்கள் சக்கரக் கம்பிகள் போல அமைந்த ரேடியல் இன்ஜின்.

இறக்கை: உடலுக்கு மேலேயா, கீழேயா? ஒரு அடுக்கா, இரண்டா?

பதிவு எழுத்து: இந்தியாவுக்கு 'விடி', பிரிட்டனுக்கு 'ஜி', அமெரிக்காவுக்கு 'என்'. ஏர்ஹார்ட் விமானத்தின் எண் என்ஆர்16020.

ஒரு அடையாளம் போதுமா?

போதாது. பீச்கிராஃப்ட் 18 விமானத்துக்கும் இரண்டு இன்ஜின், இரட்டை வால்தான். வித்தியாசம் அளவில் இருக்கிறது. எலெக்ட்ராவின் இறக்கை முனைக்கு முனை 55 அடி. பீச்கிராஃப்ட் 18-க்கு 50 அடிக்கும் குறைவு. பக்கத்தில் ஆள் யாராவது நின்றால், அவர் உயரத்தை வைத்து ஒப்பிடலாம்.

தேதி ரொம்ப முக்கியம்!

2017-ல் இன்னொரு படம் பரபரப்பானது. மார்ஷல் தீவுகளின் துறைமுகம் ஒன்றில் ஏர்ஹார்ட் உட்கார்ந்திருக்கிறார், ஓரத்தில் மங்கலாகத் தெரிவது அவரது விமானம் என்று ஒரு டிவி ஆவணப்படம் சொன்னது. சில நாட்களிலேயே குட்டு உடைந்தது. அதே படம் 1935-ல் வெளியான ஜப்பானியப் பயண நூலில் இருந்தது. அதாவது, அவர் காணாமல் போவதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்பே!

ஏர்ஹார்ட்டும், அவரோடு பறந்த நேவிகேட்டர் ஃபிரெட் நூனனும் என்ன ஆனார்கள் என்பது இன்னும் விடை தெரியாத கேள்விதான். 'விமானம் கிடைச்சாச்சு' என்று அடுத்த படம் வந்தால், எடுத்த தேதியை முதலில் பாருங்கள். பொருந்துகிற ஓர் அடையாளத்தைவிட, பொருந்தாத ஓர் அடையாளம்தான் அதிகம் சொல்லும்.