எண்ணப்பட்டோர் எண்ணத் தொடங்கும் காலம்

ஒரு சமுதாயத்தைப் பற்றிய கணக்கு எவர் கையில் உள்ளதோ, அவர் சொல்லே அவையில் ஏறும் என்பது வரலாறு கற்பிக்கும் பாடமாகும். எல்லாச் சாதியினரையும் எண்ணி முழுமையாக வெளியிட்ட கடைசி இந்தியக் கணக்கெடுப்பு 1931ஆம் ஆண்டினது. காரைக்கால் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால், நம் கோட்டுச்சேரிமேடு அதில் இடம்பெறவில்லை. 1954 நவம்பர் 1இல் அவ்வாட்சி நீங்கிய பின்னர், 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் நாமும் சேர்க்கப்பட்டோம்.

எண்ணப்படுவது வேறு, எண்ணுவது வேறு. அண்ணல் அம்பேத்கர் 1928இல் சைமன் குழுவிற்கு அளித்த கல்வி அறிக்கையில், பம்பாய் மாகாணத்தின் ஒவ்வொரு வகுப்பாரிலும் எத்தனை பேர் பயில்கின்றனர் என்பதை மக்கள்தொகையோடு ஒப்பிட்டுக் காட்டினார். அரசின் எண்களைக் கொண்டே அரசின் பாராமுகத்தை மெய்ப்பித்தார்.

ஆயினும் கணக்கிடும் கருவிகள் நெடுங்காலம் நமக்கு எட்டாதிருந்தன. மகலனோபிசு 1931இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் போன்ற பெருநிறுவனங்களிலேயே அவை இருந்தன. பின்னாளில் கணினி பரவியபோதும், புள்ளியியல் மென்பொருள்களின் விலை எளியோரைத் தடுத்தது. இத்தடையை இரு முயற்சிகள் தகர்த்தன. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் மவோரிப் பழங்குடி மரபினரான ராஸ் இகாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய 'ஆர்' என்னும் புள்ளியியல் மொழி 1993இல் அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டையும் விலையின்றிப் பெறவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும், திருத்தவும் எவர்க்கும் உரிமை உண்டு. நம் நாட்டிலும் சி-டாக் நிறுவனம் 2007இல் 'பாஸ்' என்னும் லினக்ஸை வெளியிட்டது.

தொடங்குவோர் அஞ்ச வேண்டுவதில்லை. 'ஆர்' நிறுவிய லினக்ஸ் கணினியில் டெர்மினலைத் திறந்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'ஆர்' எனத் தட்டி என்டர் விசையை அழுத்தினால் அது இயங்கும். சிறிய எழுத்தில் தட்டினால் இயங்காது. இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னால், ஐந்து என்னும் விடைக்கு முன் அடைப்புக்குறிக்குள் 1 தோன்றும். புதியவர் இதுகண்டு மயங்குவர். அவ்வரியின் முதல் மதிப்புக்குரிய வரிசை எண்ணே அது.

இன்னொன்று நம் உள்ளத்தில் பதியத்தக்கது. ஒரு வகுப்பின் மதிப்பெண்களை இட்டு, தேர்வெழுதாத பிள்ளையின் இடத்தில் 'என்.ஏ.' எனக் குறித்துச் சராசரி கேட்டால், 'ஆர்' எண் எதுவும் தராது, 'என்.ஏ.' என்றே விடையளிக்கும். விடுபட்டோரை நீக்கிக் கணக்கிடுமாறு நாமே கட்டளையிட்டால்தான் சராசரி கிடைக்கும். இடைநின்ற பிள்ளைகளை ஒதுக்கிவிட்டுத் தேர்ச்சி விழுக்காடு பேசப்படுவதைக் கண்டுவந்துள்ள நமக்கு, இதன் பொருள் எளிதில் விளங்கும். கணக்கில் இல்லாத பிள்ளையே நாம் முதலில் தேட வேண்டிய பிள்ளை.

இளைஞர்களே! அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி விவரமும் சேரும் என மத்திய அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. அவ்வெண்கள் வெளிவருங்கால் அவற்றைப் படித்தறிய நம்மிலும் சிலர் வேண்டாவா? அதற்குப் பயிற்சியாக, நம் தெருப் பிள்ளைகளுள் பள்ளியில் சேர்ந்தோர், இடைநின்றோர், கல்லூரி புகுந்தோர் விவரங்களை இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே தொகுத்து 'ஆர்' வழியே கணக்கிடுங்கள். வரும் கல்வியாண்டில் எவ்வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்பதை அக்கணக்கே நமக்குச் சொல்லும்.