நின்றவூர்ப் பூசலாரும் காடவர்கோன் குறித்த நாளும்

தொண்டைநாட்டிலே காஞ்சிமாநகரினின்றும் திருநின்றவூருக்கு நேர்கோடு ஒன்று இழுப்பின், அது திருப்பெரும்பூதூருக்குச் சற்று வடக்கே செல்லும். ஏரிகளும் நெல்வயல்களுமாய்க் கிடந்த இந்நிலப்பகுதி, 1990-ஆம் ஆண்டிற்குப் பின்னர் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் முதலிய ஊர்களில் மோட்டார் வண்டி ஆலைகளும் மின்கருவி ஆலைகளும் எழுந்து வேற்றுருக் கொண்டது. அவ்வாலைகளை நடத்தும் கட்டளைகளிற் பல கடல்கடந்த நகரங்களிற் பிறப்பன. 2006-இல் திருப்பெரும்பூதூரில் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை ஆயிரக்கணக்கான இளைஞர்க்கும் மகளிர்க்கும் வாழ்வளித்தது. அக்கம்பெனியின் கைபேசிப் பிரிவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2014 ஏப்ரலிற் கொண்டபோது, வரிவழக்கின் காரணமாக இவ்வாலை மட்டும் அவ்விற்பனையிற் சேராது நின்றது. அவ்வாண்டு நவம்பர் 1 முதல் உற்பத்தியும் நின்றது. அங்கே உழைத்தவர் எவரும் இம்முடிவுகளுள் ஒன்றையேனும் செய்தவரல்லர். தம் வாழ்வு யார் கையிலுள்ளது என்று அன்று அவர்தம் உள்ளம் வினவியிருக்குமன்றோ? அவ்வினாவிற்கு உரிய பழைய வரலாறொன்று அதே நிலத்தின் வடகிழக்கு எல்லையிலே நிகழ்ந்தது. அதனையே ஈண்டு ஆராய்வாம்.

திருநின்றவூரில் வாழ்ந்த அந்தணராகிய பூசலார், சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எடுக்க விழைந்தார். விழைந்தவர் வாளாவிருந்தாரல்லர், பொருள் வேண்டிப் பலவிடத்தும் முயன்றார், எங்கும் பெற்றிலர். இச்செய்தியைச் சேக்கிழார் பெருமான் சுருக்கமாகவே கூறிச்செல்வர். நம்மனோர் கதை சொல்லுங்கால் இதனை விட்டுவிடுவதுண்டு. விடுவதாற் பெரும் பிழை விளைகின்றது. முயற்சியற்ற சோம்பரே பக்தி என்று பிறர் எள்ளுதற்கு அது இடமாகின்றது.

பொருள் கிட்டாமை கண்ட பூசலார், மனத்தினாலே திருப்பணி செய்யத் துணிந்தார். அதுவும் ஒரு நொடியிற் கற்பனை செய்து முடித்ததன்று. சிறிது சிறிதாக நினைவினாற் பொருள் தேடினார். கருவிகளும் தச்சரும் தேடினார். நன்னாளில் அடிநிலை இட்டார். இரவும் உறங்காது ஆகமமுறை வழுவாமல் அங்கங்கள் தோறும் அமைத்தார். சிகரமும், சுதை வேலையும், கிணறும், மதிலும், குளமும் ஒன்றன்பின் ஒன்றாய் முடிந்தன. பின்னரே தாபனத்திற்கு நாள் குறித்தார்.

அதே காலத்திற் காஞ்சியில் காடவர்கோன் கருங்கற் கோயிலொன்று எடுத்துப் பெரும்பொருளை நிவந்தமாக வகுத்து, அவனும் தாபனத்திற்கு நாள் குறித்தான். இருவர் குறித்த நாளும் ஒன்றாயிற்று. இறைவன் அரசன் கனவில் தோன்றி, நின்றவூர் அன்பன் எடுத்த ஆலயத்தில் நாளை யாம் புகுவோமாகலின் நின் செயலைப் பின்னர் வைத்துக்கொள்வாயாக என அருளினன். அரசன் நின்றவூர் சென்று பூசல் எடுத்த கோயில் யாதென வினவ, அவ்வூரார் அப்படியொரு கோயில் இல்லை என்றனர். அவரை நேரே கண்டு அரசன் உண்மை கூறியபொழுது, மருண்டவர் பூசலாரே. அரசனுக்கு அவர் விண்ணப்பம் செய்தாரல்லர். அவன் நாள் மாறவேண்டும் என இறைவனிடம் இரந்தாருமல்லர்.

இக்காடவர்கோன் யாவன்? புராணம் அவன் இயற்பெயரைச் சொல்லவில்லை. காடவர் என்பது பல்லவர்க்கு வழங்கிய பெயர். காஞ்சியில் இன்றும் நிற்கும் கயிலாசநாதர் கோயிலை எடுத்தவன் இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன்; எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவன்; சிவசூடாமணி, ஆகமப்பிரியன் முதலிய பட்டங்களை உடையவன். அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, ஹுல்ட்ஸ் என்னும் அறிஞரால் 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் முதற் பகுதியில் வெளியிடப்பெற்றது. முன்னை யுகங்களில் துஷ்யந்தன் முதலியோர் வானொலி கேட்டனர். நற்குணங்கள் நீங்கிய இக்கலியுகத்திலும் இவ்வரசன் அதனைக் கேட்டனன் என்பது வியப்பே என்னும் பொருள்பட அதிலொரு சுலோகம் உளது. இதனைப் பூசலார் வரலாற்றோடு இயைத்தனர் ஆராய்ச்சியாளர் பலர். அதிற் பூசலார் பெயரோ நின்றவூரோ காணப்படவில்லையாதலின், முடிந்த சான்றென்று அதனைக் கொள்ளல் ஆகாது. எனினும், அரசன் தன் வெற்றிகளைப் பொறித்த கல்லிலேயே தனக்கு மேற்பட்டதொரு குரலுக்குச் செவிசாய்த்தமையும் பொறிப்பித்தான் என்பது உறுதி.

ஈண்டு நுணுகி நோக்கற்பாலது ஒன்று. இறைவன் அரசனை இகழ்ந்திலன்; அவன் கோயிலை அழித்திலன்; ஏறத்தாழ 1300 ஆண்டுகள் கழிந்தும் அது நிற்கின்றது. அரசனும் அருளின் வழியே நின்றவன்தான். நாளைக் குறித்தவன் தானே என்னும் எண்ணம் ஒன்றுமே அகற்றப்பட்டது. சிவஞானபோதத்தின் பத்தாஞ் சூத்திரம் உணர்த்தும் இறைபணி நிற்றல், யான் எனது என்னும் செருக்கு அற்ற நிலையாம். அது ஆள்வோனுக்கும் ஆளப்படுவோனுக்கும் ஒருபடித்தாய் உரியது. ஆதலின், வலியோர் செய்வதெல்லாம் இறைவன் திருவுள்ளமே, வாய்மூடி இருமின் என்று எளியோர்க்கு உபதேசிப்பார் சித்தாந்தம் அறியாதார்.

மற்றொன்று: பூசலார்க்குப் பொருள் இறுதிவரையிலும் கிடைத்ததாகப் புராணம் கூறவில்லை. அரசன் வந்தும் கற்கோயில் எழுந்த செய்தி ஆண்டு இல்லை. ஆலை மூடப்பட்டவனுக்கு நாளையே வேறு வேலை உண்டு என உறுதி மொழிவதன்று இவ்வரலாறு. அவன் உள்ளத்துட் செய்யும் பணியைப் பிறர் எவரும் நிறுத்த இயலாது என்பதும், அப்பணி இறைவனால் அறியப்படுவது என்பதுமே இதனாற் பெறப்படுவன.

இதனைப் பாடிய சேக்கிழாரும் இந்நிலத்தவரே. திருப்பெரும்பூதூருக்குக் கிழக்கேயுள்ள குன்றத்தூர் அவர் பிறந்த பதி. அநபாயனாகிய இரண்டாம் குலோத்துங்கனுக்கு அமைச்சராய் இருந்தவர் அவர். அரசர்கள் எங்ஙனம் நாட்குறிப்பர், எத்துணைப் பொருள் வகுப்பர், அவர் குறித்தது தவறின் என்னாகும் என்பவற்றை அருகிருந்து அறிந்தவர். அத்தகையார், பேரரசன் ஒருவன் தன் நாளை ஓர் ஏழை அந்தணர்க்கு விட்டுக்கொடுத்த வரலாற்றைச் சோழன் கேட்பப் பாடியமை நினைக்குந்தோறும் இன்பம் பயப்பது.

திருநின்றவூரில் இன்று இருதயாலீசர் என்னும் திருப்பெயரோடு இறைவன் எழுந்தருளியுள்ள கோயிலிலே, கருவறையினுள்ளேயே பூசலார் திருவுருவம் இருக்கின்றது. நெஞ்சநோய் உற்றோர் ஆண்டு வந்து வழிபடுகின்றனர். அரசன் பூசலாரை வணங்கித் தன் நகர்க்கு மீண்டான். காஞ்சிக் கோயிலின் தாபனம் பின்னர் எந்நாளில் நிகழ்ந்தது என்பதைச் சேக்கிழார் சொல்லவில்லை.