தன்னார்வத் தீயணைப்புப் படை

தன்னார்வத் தீயணைப்புப் படை என்பது, வேறு தொழில் செய்து வாழும் ஊர்மக்கள் பயிற்சியும் கருவிகளும் பெற்று, தம் ஊரில் தீவிபத்தோ பிற இடர்களோ நேரும்போது ஊதியம் இன்றியோ சிறு படித்தொகை பெற்றோ தீயணைப்பிலும் மீட்பிலும் ஈடுபடும் குழு ஆகும். முழுநேர நிலையம் ஒன்றை நடத்தும் அளவுக்கு மக்கள்தொகையோ வரி வருவாயோ இல்லாத சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் இத்தகைய படைகள் பெரும்பாலும் காணப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்கா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா, ஜப்பான், சிலி முதலிய நாடுகளில் தீயணைப்போரில் பெரும்பகுதியினர் தன்னார்வலர்களே.

இந்தியாவில் இவ்வகைப் படைகள் பரவலாக இல்லை. தமிழ்நாட்டில் இப்பணியை அரசின் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை மேற்கொள்கிறது. ஆயினும், வண்டி வந்து சேரும்வரை தீயின் முன் நிற்பவர்கள் எங்கும் ஊர்மக்களே. அவர்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்களா இல்லையா என்பது பல நேரங்களில் உயிர்ப் பிரச்சினையாக அமைகிறது.

வரலாறு

பண்டைய ரோம் நகரில் பேரரசர் அகஸ்டஸ், கி.பி. 6 ஆம் ஆண்டில் தீயணைப்புக்கும் இரவுக் காவலுக்குமாக ஒரு படையை அமைத்தார். இது தன்னார்வப் படையன்று. சுமார் ஒரு நூற்றாண்டுக்குப் பின், பித்தினியா மாகாணத்தின் ஆளுநராக இருந்த இளைய பிளினி, நிக்கோமீடியா நகரில் நேர்ந்த பெரும் தீவிபத்தை அடுத்து, 150 பேர் கொண்ட தீயணைப்புச் சங்கம் ஒன்றை அமைக்கப் பேரரசர் டிராஜனிடம் அனுமதி கேட்டார். இத்தகைய சங்கங்கள் நாளடைவில் அரசியல் குழுக்களாக மாறிவிடும் எனக் கூறி டிராஜன் மறுத்துவிட்டார். அதற்கு மாற்றாக, தீயணைக்கும் கருவிகளை ஆயத்தமாக வைத்து, வீட்டு உரிமையாளர்களும் கூடும் மக்களும் அவற்றைப் பயன்படுத்தட்டும் என அறிவுறுத்தினார். தீயணைப்பு ஊர்மக்களின் கடமையா அரசின் கடமையா என்ற கேள்வியின் பழமைக்கு இக்கடிதங்கள் சான்றாகும்.

1672 ஆம் ஆண்டளவில் ஆம்ஸ்டர்டாமில் யான் வான் டெர் ஹைடன் தோலால் ஆன தீயணைப்புக் குழாயை உருவாக்கினார். இதனால், வாளிகளைக் கைமாற்றி நீர் ஊற்றும் முறையிலிருந்து, குழாய் வழியே தீயின் அடிப்பகுதியை நோக்கி நீர் பாய்ச்சும் முறைக்கு மாற முடிந்தது.

1736 ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்கிளின் பிலடெல்பியாவில் 'யூனியன் தீயணைப்புக் குழு' என்ற தன்னார்வ அமைப்பைத் தோற்றுவித்தார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், பொருள்களை வெளியேற்றுவதற்கான பைகளையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஜெர்மனியில் 1840களில் மெய்சென், துர்லாக் ஆகிய ஊர்களில் தன்னார்வப் படைகள் தோன்றின. சிலியில் 1851 ஆம் ஆண்டில் வால்பரைசோ துறைமுக நகரில் முதல் படை அமைந்தது.

பெருநகரங்கள் வளர்ந்தபோது ஊதியம் பெறும் படைகள் தோன்றின. எடின்பரோவில் 1824 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் தலைமையில் நகராட்சிப் படை அமைந்தது. ஐக்கிய அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம் 1853 ஆம் ஆண்டில் முழுதும் ஊதியம் பெறும் படைக்கு மாறியது. நீராவி எந்திரம் வந்ததால், கையால் இறைக்கும் எந்திரத்துக்குத் தேவைப்பட்ட பெருங்கூட்டம் தேவையற்றதாயிற்று. ஊரகப் பகுதிகளிலோ தன்னார்வ முறையே நிலைத்தது.

பணிகள்

தன்னார்வப் படையின் பணிகள் பின்வருமாறு:

* வீடு, கடை, வைக்கோற்படப்பு, புல்வெளி, காடு ஆகியவற்றில் பற்றும் தீயை அணைத்தல்
* சாலை விபத்துகளில் வண்டிகளுக்குள் சிக்கியவர்களை மீட்டல்
* வெள்ளம், புயல் காலங்களில் மக்களை வெளியேற்றுதல், விழுந்த மரங்களை அகற்றுதல்
* முதலுதவி அளித்து மருத்துவ ஊர்தி வரும்வரை பேணுதல்
* பள்ளிகளிலும் ஊர்க் கூட்டங்களிலும் தீத்தடுப்பு முறைகளைக் கற்பித்தல்

அழைப்பு வந்ததும் உறுப்பினர்கள் தத்தம் வேலையை விட்டு நிலையத்துக்கு விரைவர். முற்காலத்தில் மணியும் சங்கும் ஒலித்து அழைத்தனர். பின்னர் சிறு அழைப்புக் கருவிகளும், தற்போது செல்பேசிச் செயலிகளும் பயன்படுகின்றன. வாரத்துக்கோ மாதத்துக்கோ சில நாட்கள் பயிற்சி நடைபெறும். ஏணி நிறுத்துதல், குழாய் இணைத்தல், புகை சூழ்ந்த அறைக்குள் தாழ்ந்து ஊர்ந்து செல்லுதல், மூச்சுக் கருவி அணிதல் ஆகியவை அடிப்படைப் பாடங்களாகும். தீயிடத்தில் எவரும் தனியாக உள்ளே செல்வதில்லை என்பதும், உள்ளே சென்றவர்களின் கணக்கை வெளியே ஒருவர் வைத்திருப்பார் என்பதும் முக்கிய விதிகள்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 2020 ஆம் ஆண்டுக் கணக்கின்படி தீயணைப்போரில் சுமார் 65 விழுக்காட்டினர் தன்னார்வலர்கள். அவர்களின் எண்ணிக்கை 1984 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9 இலட்சமாக இருந்து, 2020 ஆம் ஆண்டில் 7 இலட்சத்துக்கும் கீழே குறைந்தது. ஜப்பானில் 'ஷோபோதான்' எனப்படும் ஊர்ப்படைகளின் உறுப்பினர் எண்ணிக்கையும் 8 இலட்சத்துக்குக் கீழே சென்றுவிட்டது. இளைஞர்கள் வேலை தேடி நகரங்களுக்குச் செல்வதும், ஊரில் எஞ்சியோர் முதுமை அடைவதும் இதற்கு முதன்மைக் காரணங்கள்.

ஜெர்மனியில் பத்து இலட்சத்துக்கு அண்மையில் தன்னார்வத் தீயணைப்போர் உள்ளனர். பெருநகரங்களில் மட்டுமே ஊதியம் பெறும் படைகள் கட்டாயம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், 1939, 1944 ஆண்டுகளின் காட்டுத்தீக்களுக்குப் பின் 1945 ஆம் ஆண்டில் நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. அம்மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று பரவிய காட்டுத்தீயில் 173 பேர் இறந்தனர்.

தமிழர்கள் வாழும் மலேசியாவில், 'பொம்பா' எனப்படும் அரசின் தீயணைப்புத் துறையுடன் இணைந்து தன்னார்வக் குழுக்கள் இயங்குகின்றன. சிங்கப்பூரில் 2015 ஆம் ஆண்டில் குடிமைத் தற்காப்புப் படை ஒரு செயலியை வெளியிட்டது. இது முதலில் மாரடைப்பு நேர்ந்த இடத்துக்கு அருகிலுள்ள தன்னார்வலர்களை அழைத்தது. பின்னர் சிறு தீவிபத்துகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இலங்கையில் கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற மாநகர சபைகள் தீயணைப்புப் பிரிவுகளை நடத்துகின்றன.

இந்தியாவில்

சென்னையில் 1908 ஆம் ஆண்டில் தீயணைப்புப் படை அமைக்கப்பட்டது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில், பருத்தியும் வெடிபொருளும் ஏற்றியிருந்த 'போர்ட் ஸ்டிக்கின்' என்ற கப்பல் வெடித்தது. தீயணைக்கச் சென்றவர்களில் 66 வீரர்கள் உயிரிழந்தனர். அந்நாள் ஆண்டுதோறும் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அரசியலமைப்பின் 74 ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 12 ஆவது அட்டவணை, தீயணைப்பை நகராட்சிகளுக்கு வழங்கத்தக்க பணிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. எனினும் தமிழ்நாட்டில் மாநில அரசே இதனை நடத்துகிறது. தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் 1985 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மாநிலத்தில் 300க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன.

தன்னார்வ முறையை ஒத்த அமைப்புகளாகப் பின்வருவனவற்றைக் கூறலாம்.

* ஊர்க்காவல் படை: 1946 ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கியது. தமிழ்நாட்டில் காவல்துறைக்குத் துணையாகத் திருவிழாக்கள், இயற்கை இடர்கள் ஆகியவற்றின்போது பணியாற்றுகிறது.
* குடிமைப் பாதுகாப்பு அமைப்பு: 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி போர்க்காலத் தேவைக்காக அமைந்தது. பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தால் பேரிடர் மேலாண்மையும் இதன் பணியாயிற்று.
* ஆப்த மித்ரா திட்டம்: தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016 ஆம் ஆண்டில் வெள்ள இடர் மிகுந்த 30 மாவட்டங்களில் தொடங்கியது. பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு இலட்சம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளிக்கும் இலக்குடன் விரிவாக்கப்பட்டது. பயிற்சிக்காலம் 12 நாட்கள்.

இவற்றுள் எதுவும், ஓர் ஊருக்கெனச் சொந்த வண்டியும் நிலையமும் கொண்ட தன்னார்வத் தீயணைப்புப் படை ஆகாது.

ஊர்மக்களும் தீவிபத்துகளும்

தமிழ்நாட்டின் பெரும் தீவிபத்துகளில், முதலில் மீட்பில் இறங்கியவர்கள் அக்கம்பக்கத்து மக்களே. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றின் கீற்றுக்கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தனர். சமையலறையில் தோன்றிய தீ கூரைக்குப் பரவியது. இதன் பின்னர் பள்ளிகளில் கீற்றுக்கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த இந்நிகழ்வில், மீட்புப் படைகளுக்கு முன்பே மலையேறிக் காயமுற்றோரைச் சுமந்து இறங்கியவர்களுள் உள்ளூர் மக்களும் அடங்குவர்.

பயிற்சியின்றி உதவச் செல்வதன் ஆபத்தை 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்து காட்டியது. முதல் வெடிப்புக்குப் பின் உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அருகிலுள்ள ஊர்மக்கள், அடுத்த வெடிப்பில் சிக்கினர். இறந்த சுமார் 40 பேரில் இவர்கள் கணிசமானோர். வெடிபொருள் இருக்குமிடத்தில் முதல் வெடிப்பே இறுதி வெடிப்பு எனக் கொள்ளலாகாது என்பதும், அங்கு மக்களை விலக்கி நிறுத்துவதே முதல் உதவி என்பதும் இதன் பாடமாகும்.

பயிற்சி பெற்றவர்களுக்கும் இப்பணி ஆபத்தானதே. 2020 நவம்பரில் தீபாவளியை ஒட்டி மதுரை விளக்குத்தூண் பகுதியில் துணிக்கடையில் பற்றிய தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது, பழைய கட்டடம் இடிந்து விழுந்து தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தனர்.

ஒத்தக்கடைப் பகுதியில் தேவை

மதுரை நடுநகரில் இருந்து சுமார் 10 கி.மீ. தொலைவில், மேலூர் செல்லும் சாலையில் யானைமலையின் அடிவாரத்தில் ஒத்தக்கடை அமைந்துள்ளது. வேளாண்மைக் கல்லூரியும், 2004 ஆம் ஆண்டில் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் இதன் அருகே உள்ளன. ஒருபுறம் நகரம் போலக் கடைகளும் குடியிருப்புகளும் பெருக, மறுபுறம் வயல்களும் கண்மாய்களும் கொண்ட சிற்றூர்கள் தொடர்கின்றன. ஆகவே எரிவளி உருளை, மின்கசிவு, வைக்கோற்படப்பு, கிணறு ஆகிய நால்வகை இடர்களும் இத்தகைய ஊர்களுக்கு உரியவை.

10 கி.மீ. தொலைவை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கடக்க ஒரு வண்டிக்கு 15 நிமிடங்கள் ஆகும். கீற்றுக்கூரையோ வைக்கோற்படப்போ முழுதும் எரிய இந்நேரம் போதுமானது. மேலும், 4,500 லிட்டர் கொள்ளும் வண்டி நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் நீரைப் பாய்ச்சினால் 10 நிமிடங்களில் நீர் தீர்ந்துவிடும். அதன்பின் கண்மாய், ஊருணி, கிணறு ஆகியவற்றில் இருந்தே நீர் எடுக்க வேண்டும். கோடையில் எந்த நீர்நிலையில் நீர் உண்டு, வண்டி எவ்வழியே கரையை அடையலாம் என்பதை அறிந்தவர்கள் ஊர்மக்களே. எனவே சொந்த வண்டி இல்லாத ஊரிலும், வழிகாட்டவும் தெருவை ஒழுங்குசெய்யவும் நீர்நிலையைக் காட்டவும் அறிந்த சிலர் இருப்பது பயனளிக்கும்.

வண்டி வரும்வரை செய்யத்தக்கவை

* 101 அல்லது 112 எண்ணுக்கு அழைத்து, ஊர், தெரு, அடையாளம், எரியும் பொருள், உள்ளே எவரேனும் உளரா என்பவற்றைக் கூறவேண்டும். சாலை முனையில் ஒருவர் நின்று வண்டிக்கு வழிகாட்டலாம்.
* மின்சாரத்தைத் துண்டிக்குமுன் நீர் ஊற்றலாகாது.
* எரியும் எண்ணெயில் நீர் ஊற்றினால் தீ தெறித்துப் பரவும். பாத்திரத்தை மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும்.
* எரிவளி கசிந்தால் மின் பொத்தான்களைத் தொடாமல் உருளையின் திறப்பை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து வெளியேற வேண்டும். கசிவைத் தெரிவிக்க 1906 என்ற எண் உள்ளது.
* படப்பு எரிந்தால், எரியும் படப்பைக் காப்பதைவிட அருகிலுள்ள படப்பையும் கூரையையும் நனைப்பதும், இடையிலுள்ள சருகை அகற்றுவதும் பயன் தரும். கட்டியுள்ள மாடுகளை முதலில் அவிழ்த்துவிட வேண்டும்.
* கிணற்றுக்குள் மயங்கி விழுந்தவரைத் தூக்க மற்றொருவர் உடனே இறங்கலாகாது. பாழ்பட்ட கிணற்றிலும், டீசல் எந்திரம் ஓடிய கிணற்றிலும் நச்சுவளி தங்கியிருக்கலாம். காப்பாற்ற இறங்கியவர்களும் அடுத்தடுத்து இறப்பதற்கு இதுவே காரணம்.
* ஆடையில் தீப்பற்றியவர் ஓடலாகாது. தரையில் படுத்து உருள வேண்டும். தீப்புண்ணில் மை, பற்பசை முதலியவற்றைத் தடவாமல், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் காட்டியபின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மருத்துவ ஊர்திக்கு 108 எண்ணை அழைக்கலாம்.

சிக்கல்கள்

தன்னார்வ முறையின் குறைகளாகப் பயிற்சிக்குக் கிடைக்கும் நேரக் குறைவு, பகல் வேளையில் உறுப்பினர்கள் வெளியூரில் இருத்தல், காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டில் தெளிவின்மை ஆகியவை குறிப்பிடப்படுகின்றன. ஆகவே, தன்னார்வப் படை வெற்றிகரமாக இயங்கும் நாடுகளிலும் பயிற்சி, கருவி, காப்பீடு ஆகியவற்றின் செலவை உள்ளாட்சியோ அரசோ ஏற்கிறது. தன்னார்வலர் தருவது நேரமும் உழைப்பும் மட்டுமே. அவரது பாதுகாப்புக்கான பொறுப்பு அரசிடமே இருக்க வேண்டும் என்பது இந்நாடுகளின் பட்டறிவாகும்.