கம்பி போகாத ஊருக்கும் பங்கு உண்டு



“காட்டுக்குள்ளே இருக்கிறவனுக்கு யார் காசு போட்டு இணையம் கொடுப்பா?” என்று நம்மவர் கேட்பதுண்டு. வரலாறு அதற்குப் பதில் சொல்கிறது.

சரவாக் மலைநாட்டில், கெலாபிட் மக்கள் வாழும் பாரியோ அரிசிக்குப் பேர்போன ஊர். 1990களின் இறுதியில் அங்கே சாலை இல்லை. சிறு விமானத்தில் போகணும். இல்லாவிட்டால் காட்டுவழியே பல நாள் நடக்கணும். லாபம் பார்க்கிற நிறுவனம் அங்கே எப்படிப் போகும்? ஆயினும் மலேசிய சரவாக் பல்கலைக்கழகம் ஊராரோடு கூடித் திட்டம் போட்டது. கனடா நாட்டு ஆய்வு மையமும் நம் அரசாங்கமும் பணம் தந்தன. 2000-ஆம் ஆண்டு வாக்கில் துணைக்கோள் வழியாக இணையம் வந்து சேர்ந்தது.

ஓர் ஊருக்கு மானியம் கிடைத்தது, மற்ற ஊர்களுக்கு? அதற்கென ஒரு நிதி அமைக்க 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் வழிசெய்தது. 2002-இல் வந்த விதிகளின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கணக்கிட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அந்த நிதிக்குக் கட்ட வேண்டும். சேவை எட்டாத இடங்களில் கோபுரங்களும் இணைய மையங்களும் இந்தக் காசில் எழுந்தன.

அப்படியும் குறை முழுதாகத் தீரவில்லை. 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, சிக்னல் தேடி மேட்டில் ஏறிய பிள்ளைகள் எத்தனை பேர்!

இந்த நிதி யாரும் போடும் பிச்சை அல்ல. நாம் கட்டும் போன் காசிலிருந்து வரும் பங்கு. உங்கள் தோட்டத்தில் சிக்னல் இல்லையா? பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழி தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு மனு எழுதுங்கள். சட்டம் இருக்கிறது, கேட்க வேண்டியது நாம்தான்!