பதினைந்து ரூபாய்ச் சவரன்

நகைக்கடைப் பலகையில் இன்று காலை ஒன்று, மாலை ஒன்று என எழுதப்படும் சவரன் விலை, ஒரு காலத்தில் வருடக்கணக்காக அசையாமல் நின்றது. அப்போது சவரன் எடைக் கணக்காக இல்லை, நாணயமாக இருந்தது. 1817-இல் லண்டன் நாணயச்சாலையில் பிறந்த ஒரு பவுண்டு காசு அது. எடை 7.98 கிராம், 22 காரட். கலப்பை நீக்கினால் சுத்தத் தங்கம் 7.32 கிராம். ஒரு பக்கம் அரசர் தலை. மறுபக்கம் குதிரைமேல் இருந்து டிராகனை வீழ்த்தும் புனித ஜார்ஜ், இத்தாலியக் கலைஞர் பிஸ்ட்ருச்சியின் கைவேலை.

ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைத்தபின் 1855-இல் சிட்னியிலும் சவரன் அச்சாகத் தொடங்கியது. இந்தியச் சரக்குக்குக் கணக்குத் தீர்க்க, அந்தக் காசுகள் கப்பலேறி இங்கே வந்தன. 1899-இல் ஒரு சவரனுக்கு 15 ரூபாய் என்று விலை வைத்து, அதை இந்தியாவில் செல்லும் பணமாகச் சட்டம் ஏற்றது. ஆனாலும் வந்ததில் ஏராளம் பெட்டிக்கும் பட்டறைக்கும் போய்ச் சேர்ந்தது. மாற்றுக்கு அரசே முத்திரை குத்தியிருந்ததால் ஆசாரிக்கு உரைத்துப் பார்க்கும் வேலைகூட மிச்சம்.

முதல் உலகப்போர் வந்ததும் பிரிட்டன் தன் மக்கள் கையில் காகித நோட்டைக் கொடுத்துவிட்டுத் தங்கத்தைப் பத்திரப்படுத்தியது. 1918-இல் பம்பாயிலேயே சவரன் அடிக்க ஏற்பாடானது. அச்சுகள் வந்து சேரும்வரை அதே எடை, அதே மாற்றில் ‘15 ரூபாய்’ என்று பொறித்த மொஹர் என்ற தங்கக் காசை அடித்தார்கள். பிறகு சுமார் 13 லட்சம் சவரன் வெளிவந்தது. அதில் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பினால், குதிரையின் காலடித் தரையில், ஆண்டுக்குச் சற்று மேலே, ஆங்கில ‘ஐ’ எழுத்து பொடியாகத் தெரியும். இந்தியாவில் பிறந்ததற்கான மச்சம் அது.

1920-இல் அரசு சவரனின் விலையை 10 ரூபாயாகக் குறைத்தது. கடைத்தெருவில் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்போது 10 ரூபாய்க்கு யார் நீட்டுவார்கள்? காசு புழக்கத்திலிருந்தே மறைந்தது. 1931 செப்டம்பரில், பவுண்டுக்கு ஈடாகத் தங்கம் தரும் கடமையைப் பிரிட்டன் கைகழுவியது. பவுண்டோடு பிணைக்கப்பட்டிருந்த ரூபாயும் கூடவே இறங்க, தங்கத்தின் ரூபாய் விலை எகிறியது. விளைச்சலுக்கு விலையில்லாமல் வரிக்கும் வட்டிக்கும் திண்டாடிய குடும்பங்கள் பெட்டியைத் திறந்தன. அந்தத் தங்கம் பெருமளவில் பம்பாய் வழியே வெளிநாடு போயிற்று.

சுதந்திர இந்தியாவும் தங்கத்தை விட்டுவைக்கவில்லை. 1963-இல் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த கட்டுப்பாடு, புதிய நகை 14 காரட்டைத் தாண்டக் கூடாது என்றது. பட்டறைகள் பல முடங்கின. 1968-இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. காசு உருகிச் சங்கிலியானது. சவரன் என்ற பெயர் மட்டும் 8 கிராம் எடையாக நிலைத்துவிட்டது.

பிரிட்டனில் சவரன் இன்றும் சட்டப்படி ஒரு பவுண்டுதான். அதிலுள்ள தங்கமோ பல நூறு பவுண்டு பெறும். சென்னையில் 2025 அக்டோபரில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது. இப்படி இரு முனைகளை மட்டும் பார்த்தால் தங்கம் தோற்றதே இல்லை என்று தோன்றும்.

நடுவில் பார்க்க வேண்டும். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், 1999-இல் 250 டாலர் அளவுக்குச் சரிந்தது. அதே காலத்தில் டாலர் சுமார் 8 ரூபாயிலிருந்து 43 ரூபாய்க்கு ஏறியதால் நம்மூரில் அந்தச் சரிவு தெரியவில்லை. ரூபாய் விலை ஏறவே செய்தது. மளிகைச் செலவு அதைவிட வேகமாக ஏறியது.

சவரனைக் காசாக வாங்கியவருக்கு அதில் சேர்ந்த கூலி சொற்பம். இன்று நகையாக வாங்குபவர் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் கொடுக்கிறார். விற்கப் போனால் அதில் ஒரு பைசாவும் திரும்பாது. முதல் நாளே நஷ்டத்தில் தொடங்கும் கணக்கு அது. பல வருடம் தொடாமல் வைத்திருக்க முடிந்தவருக்குத் தங்கம் பணவீக்கத்தை ஈடுகட்டும். அடுத்த வருட காலேஜ் ஃபீஸுக்காக இப்போது நெக்லஸ் வாங்கி வைப்பதைவிட, அந்தப் பணத்தைப் பேங்கில் போட்டுவைப்பதே மேல்.