தோட்டத்துத் திடலும் பல்கலைக்கழகத் திடலும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2020ஆம் ஆண்டு மலேசிய சூப்பர் லீக் காற்பந்துப் போட்டியில் பன்னிரண்டு குழுக்கள் களமிறங்கின. அவற்றுள் ஒன்று, ஷா ஆலாமிலிருந்து வந்த மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு. யூ.ஐ.டி.எம். என்றால் எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று பெட்டாலிங் ஜெயா சிட்டி. மலேசிய இந்தியர்களின் கழகமாகத் தொடங்கி, பெயர் மாறி மேலே வந்த குழு அது. நாட்டின் உச்ச லீக்கில் ஒரு பல்கலைக்கழகக் குழுவும் இந்தியர் கழகம் ஒன்றும் ஒரே பருவத்தில் ஆடின. இன்று அந்த லீக்கில் இரண்டுமே இல்லை.

காற்பந்து வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு சின்னச் செய்தி. ரவாங்கிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை, பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து புக்கிட் பெருந்துங் வரை, தோட்டத்துத் திடலில் பந்து உதைத்து வளர்ந்த குடும்பங்களுக்கு இது சின்னச் செய்தி அல்ல. அதன் காரணம் விளங்க வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

மாணவர்கள் எழுதிய விதிகள்

காற்பந்தைத் தொழிலாளர்களின் ஆட்டம் என்று சொல்வது வழக்கம். ஆனால் அதற்கு ஒழுங்கான விதிகளை எழுதியதில் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் அந்நாளில் ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு விதமாக ஆடியது. ஒரு பள்ளியில் பந்தைக் கையால் பிடிக்கலாம். இன்னொரு பள்ளியில் பிடிக்கக்கூடாது. இந்தப் பிள்ளைகள் எல்லாம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒன்றுசேர்ந்தபோது ஆட்டம் எப்படி நடக்கும்? சண்டைதான் நடக்கும். எனவே 1848ஆம் ஆண்டில் அவர்கள் உட்கார்ந்து பேசிப் பொது விதிகளை எழுதினார்கள். 1863இல் லண்டனில் காற்பந்துச் சங்கம் அமைந்தபோது கேம்பிரிட்ஜ் விதிகள் அதற்கு வழிகாட்டியாக இருந்தன.

1874இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம். இறுதியாட்டத்தில் ராணுவப் பொறியாளர் குழுவை 2-0 என்று தோற்கடித்தது. இன்று மான்செஸ்டர் குழுக்களும் லண்டன் குழுக்களும் போட்டியிடும் அதே கிண்ணம்தான் அது.

போர்த்துகலின் கொயிம்ப்ரா நகரில் மாணவர் சங்கத்திலிருந்து பிறந்த அக்காடெமிக்கா குழு, அந்நாட்டின் கிண்ணத்தை 1939இல் முதன்முதலாகவும் 2012இல் இரண்டாம் முறையாகவும் வென்றது. ஆசியாவுக்கு வந்தால், தென்கொரியாவின் பார்க் ஜி சுங் மியோங்ஜி பல்கலைக்கழகத்தில் ஆடியவர். பிறகு மான்செஸ்டர் யுனைடெட் வரை போனார். ஜப்பானின் மித்தோமா பள்ளிப் பருவம் முடிந்தவுடன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் சுக்குபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பந்தைக் கடத்திச் செல்லும் நுட்பத்தையே தம் ஆய்வேட்டுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். படிப்பா, பந்தா என்ற கேள்விக்கு அந்த நாடுகள் இரண்டும்தான் என்று பதில் கண்டுவிட்டன.

மலாயாவில் வேறு கதை

மலாயாவில் காற்பந்து முதலில் வந்தது. பல்கலைக்கழகம் பிறகுதான் வந்தது. 'எச்.எம்.எஸ். மலாயா' என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் வழங்கிய கிண்ணத்துக்கான போட்டி 1921இல் தொடங்கியது. அதுவே பின்னாளில் மலேசியக் கிண்ணமானது. மறு ஆண்டு, 1922இல், தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல்தான், அதுவும் சிங்கப்பூரில், தோன்றியது. கோலாலம்பூர் வளாகம் 1959இல் வந்தது. மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1970இல் பிறந்தது.

ஆகவே நம் நாட்டுக் காற்பந்தை வளர்த்தவை பல்கலைக்கழகங்கள் அல்ல. பள்ளிகள், போலீஸ், ராணுவம், அரசாங்க இலாகாக்கள், வங்கிகள் ஆகியவைதான். நம்மவர்களைப் பொறுத்தவரை தோட்டங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பால்மரமே ஒரு காரணம் என்றால் வியப்பாக இருக்கலாம். வெயில் ஏறுவதற்கு முன்பு மரம் சீவினால்தான் பால் நன்றாக வடியும். அதனால் இருட்டோடு பெரட்டு, விடியும்போது வெட்டு, மதியத்திற்குள் பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் அன்றைய வேலை முடிந்தது. மாலைப் பொழுது கையில் இருந்தது. கோயிலுக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் திடல் இருந்தது. ஆள் கூட்டத்துக்கும் குறைவில்லை. ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் ஆட்டம் என்றால் லயமே திரண்டு நிற்கும். கிராணி வீட்டுப் பிள்ளையும் வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பக்கம் நின்று ஆடிய இடம் அந்தத் திடல் ஒன்றுதான் என்றாலும் மிகையாகாது.

தேசியக் குழுவில் நம்மவர்கள்

நாடெங்கும் இப்படிப்பட்ட திடல்கள் நிறைந்திருந்த காலத்தில், தேசியக் குழுவில் தமிழ்ப் பெயர்கள் இல்லாத ஆண்டே இல்லை என்னும் அளவுக்கு நம்மவர்கள் இருந்தார்கள். என். தனபாலன், எம். சந்திரன், வி. கிருஷ்ணசாமி, ஆர். ஆறுமுகம் என்று அந்த வரிசை நீளும்.

1971இல் சியோலில் தென்கொரியாவை அதன் மண்ணிலேயே 1-0 என்று வீழ்த்தி, 1972 மூனிக் ஒலிம்பிக்கிற்கு மலேசியா தகுதி பெற்றது. அந்தக் குழுவின் தலைவர் எம். சந்திரன். மூனிக்கில் மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6 என்று தோற்றாலும், அமெரிக்காவை 3-0 என்று வென்றது. ஒலிம்பிக் காற்பந்தில் மலேசியா களம் கண்டது அந்த ஒரு முறைதான்.

1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மீண்டும் தகுதி பெற்றோம். கோல் காத்தவர், நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று அழைக்கப்பட்ட ஆர். ஆறுமுகம். ஆனால் மாஸ்கோ ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்ததால் அந்தக் குழு போகவில்லை. 2016இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படம் இந்த நிகழ்வின் தூண்டுதலில் பிறந்தது. ஆறுமுகம் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1988இல் கார் விபத்தில் அவர் உயிர் பிரிந்தது.

அந்தத் தலைமுறையில் ஆட்டம் முழுநேரத் தொழில் அல்ல. பகலில் அலுவலகம், மாலையில் பயிற்சி. காற்பந்தால் ஒரு வேலை கிடைத்தது. அந்த வேலை குடும்பத்தைக் காத்தது. பட்டம் இல்லாமலே ஒரு தோட்டத்துப் பிள்ளை முன்னேற முடிந்த கதவு அது. 1989இல் பகுதிநேரத் தொழில்முறை லீக், 1994இல் முழுத் தொழில்முறை லீக் என்று ஆட்டம் மாறியபோது அந்தக் கதவு மெல்ல மூடியது. முழுநேர ஆட்டக்காரரானவருக்குக் காலில் காயம் பட்டால் திரும்பிப் போக அலுவலக நாற்காலி இல்லை.

பல்கலைக்கழகங்கள் களமிறங்கிய காலம்

இந்த இடைவெளியில்தான் பல்கலைக்கழகங்கள் லீக்கிற்குள் வந்தன. யூ.ஐ.டி.எம். குழு 2013இல் இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கில் ஆடியது. பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்தின் யூ.கே.எம். குழு 2018 முதல் 2020 வரை அதே லீக்கில் ஆடியது. படித்துக்கொண்டே ஆடலாம், ஆடிக்கொண்டே பட்டம் பெறலாம் என்பது இந்த முயற்சியின் அழகு.

2020இல் யூ.ஐ.டி.எம். சூப்பர் லீக்கில் கால் வைத்தது. நாட்டின் உச்ச லீக்கில் ஆடிய முதல் பல்கலைக்கழகக் குழு என்ற பெருமை அதற்கு உண்டு. பயிற்றுநர் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிராங்க் பெர்ன்ஹார்ட். கோவிட் தொற்றால் அந்தப் பருவம் ஒவ்வொரு குழுவுக்கும் 11 ஆட்டங்களாகச் சுருங்கியது. அதில் அக்குழு ஆறாம் இடத்தைப் பிடித்தது. ஆனால் 2021இல் கடைசி இடமான பன்னிரண்டாம் இடத்துக்குச் சரிந்து கீழே இறங்கியது.

இந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு பாடம் உண்டு. உச்ச லீக்கில் தாக்குப்பிடிக்க வெளிநாட்டு ஆட்டக்காரர்களையும் அனுபவசாலிகளையும் சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்கச் சேர்க்க மாணவனுக்கு இடம் குறையும். சேர்க்காவிட்டால் குழு தோற்கும். பல்கலைக்கழகத்தின் பெயர் சட்டையில் இருக்கும்; மாணவன் அரங்கின் படிக்கட்டில் இருப்பான். ஜப்பான் இதற்குக் கண்ட வழி வேறு. அங்கே பல்கலைக்கழகங்களுக்கென்றே வலுவான தனி லீக்குகள் உண்டு. தொழில்முறைக் கழகங்கள் அங்கிருந்து ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யூ.ஐ.டி.எம். பூமிபுத்ராக்களுக்காக அமைந்த கல்விக்கழகம். சூப்பர் லீக் வரை ஏறிய அந்த ஒரே பல்கலைக்கழகக் குழுவின் வளாகத்தில், நம் பிள்ளைகள் பட்டப்படிப்பு மாணவர்களாகச் சேர வழியில்லை. இது குற்றச்சாட்டு அல்ல, நிலவரம். எனவே நமக்கான வழி மற்றப் பல்கலைக்கழகங்களில்தான் இருக்கிறது.

சொந்தக் கழகம் வந்ததும் போனதும்

இந்தியர் விளையாட்டு மன்றமும் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமும் கைகோத்து உருவாக்கிய மிஸ்க்-மிஃபா குழு, 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கிற்கு உயர்ந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இல்லாமல் உள்ளூர் இளைஞர்களை நம்பி ஆடத் துணிந்த குழு என்று பெயர் வாங்கியது. 2022 பருவத்தோடு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. தோற்று இறங்கவில்லை, நின்றுவிட்டது. ஒரு கழகத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கிப் பிடிப்பது பல்கலைக்கழகத்துக்கே சிரமம் என்றால், ஒரு சமூகத்துக்கு எவ்வளவு சிரமம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

திறமைக்குப் பஞ்சம் வந்துவிட்டதா என்றால் இல்லை. 2009இல் சீ விளையாட்டுத் தங்கத்தையும், 2010இல் இந்தோனேசியாவை மொத்தம் 4-2 என்று வென்று ஆசியான் கிண்ணத்தையும் மலேசியாவுக்குப் பெற்றுத் தந்த பயிற்றுநர் கே. ராஜகோபால். அந்தக் குழுவில் எஸ். குணாளன் ஆடினார். குறைந்தது திறமை அல்ல, திடல்.

புக்கிட் பெருந்துங் சொல்லும் செய்தி

பால்மரம் போய் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே தேவைப்பட்டது. பிறகு பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி 1990களில் எழுந்த புக்கிட் பெருந்துங் அப்படிப்பட்ட புதுநகரம். 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஆளில்லாமல் கிடந்த வீட்டு வரிசைகளை அந்த வட்டாரத்தில் பார்க்காதவர் இல்லை. தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. ஆனால் அக்கம்பக்கத்தார் கூடி ஆடிய திடலும் ஆட்களும் கூடவே வரவில்லை. மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி ஆடும் ஃபுட்சால் கூடம், பெரட்டு முடிந்த மாலையின் திடலுக்கு ஈடாகாது.

ஆனால் வேறொன்று பக்கத்தில் இருக்கிறது. அதே நெடுஞ்சாலையில் வடக்கே சற்றுத் தூரம் போனால் தஞ்சோங் மாலிம். 1922இல் தொடங்கிய அந்த ஆசிரியர் கல்லூரி 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமானது. அங்கே தமிழ் ஆசிரியராகவும் படிக்கலாம். விளையாட்டு அறிவியலும் பயிற்றுநர் கல்வியும் படிக்கலாம். நாட்டின் அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்று கணக்கிடும் முறை இருக்கிறது. பள்ளி, மாவட்டம், மாநிலம் என்று பிள்ளை ஆடிய ஒவ்வொரு நிலைக்கும் மதிப்பு உண்டு. ஒரு புள்ளியில் இடம் தவறிப்போகும் போட்டியில் அந்தப் பத்து விழுக்காடு சின்ன விஷயமா?

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? நான்காம் படிவம் ஏறியவுடன் பந்தைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிடுகிறோம். மாவட்டப் போட்டியின் சான்றிதழ் பழைய நாளிதழோடு போய்விடுகிறது. படிக்கிற பிள்ளை ஆடக்கூடாது, ஆடுகிற பிள்ளை படிக்காது என்று நாமே கோடு கிழிக்கிறோம். கேம்பிரிட்ஜில் விதி எழுதியவர்களும் சுக்குபாவில் ஆய்வேடு எழுதியவரும் அந்தக் கோட்டை ஏற்கவில்லை.

அன்றைய தோட்டத்துப் பிள்ளைக்குத் திடல் இருந்தது, பல்கலைக்கழகம் இல்லை. இன்றைய பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் எட்டும் தூரத்தில் இருக்கிறது, திடல்தான் இல்லை. வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் திடலை மாலையில் திறந்து வைக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களால் முடியும். பயிற்சி தரப் பல்கலைக்கழக மாணவர்களை அழைத்து வர ஆலய நிர்வாகங்களாலும் இளைஞர் மன்றங்களாலும் முடியும். சான்றிதழைப் பத்திரமாக எடுத்து வைக்க ஒரு தாயால் முடியும். இவற்றில் எதற்கும் சூப்பர் லீக் தேவையில்லை.